எட்டாம் மாடியிலிருந்து வந்த இரண்டு உறைகள்

கட்டட வாசலிலிருந்து தபால் பெட்டி பத்து அடி தூரம்கூட இராது. நான் பையைத் திறந்து, இரண்டு உறைகளையும் எடுத்து, பெட்டியின் வாய்க்கு நேரே கையை நீட்டிவிட்டேன். பின்னால் வந்த யூன் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணை, அது என்ன உறை?"

"ரெஜினா வீட்டு உறை. இப்பதானே தந்தவ."

யூன் உறைகளைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறிப்போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு பதினொரு மாடிக் கட்டடம். மழை தூறிக்கொண்டிருந்தது. கவுன்சில் தேர்தலுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. யூன் எங்கள் வட்டாரத்தில் எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்ற வேட்பாளர். நான் அவருக்காகக் கதவு தட்டித் திரிந்த ஓய்வுபெற்ற தபால்காரன். உறைகளுக்குள் இருந்தவை எட்டாம் மாடி ரெஜினாவும் அவர் கணவர் சூசையும் வீட்டிலிருந்தபடியே போட்ட தபால் வோட்டுகள். இரண்டும் ஒட்டி மூடியிருந்தன.

தேர்தல் வேலை செய்கிற எவரும் பிறத்தியாருடைய தபால் வோட்டைக் கையால் தொடக்கூடாது. புதிதாக வந்த சட்டம். தொட்டால் வழக்கு வரலாம், நிற்கிற தேர்தலே கையை விட்டுப் போகலாம். அந்த உறைகளை நான் பையில் போட்டது பிறகு நடந்தது. ரெஜினாவின் கையிலிருந்து முதலில் வாங்கியது வேட்பாளரேதான்.

இந்த மனுசிக்கு இங்கே என்ன வேலை?

மற்றவர் வீட்டு விஷயம் அறிகிற ஆசையை எங்கள் ஆட்கள் விடுப்பு என்பார்கள். என் மனைவியைக் கேட்டால் அது எனக்கு இரத்தத்தில் ஊறியது என்று சொல்வாள். நான் தொழிலைச் சாட்டுவேன். முப்பது வருடம் மற்றவர்களுடைய கடிதங்களைத் தூக்கித் திரிந்தவனுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்ற யோசனை வராமல் விடுமா?

யூனின் தையற்கடை என் பாதையில் இருந்தது. முதல் தடவை கொரிய எழுத்துப் போட்ட கடிதத்தைக் கண்டதும் எனக்கு விடுப்புத் தொடங்கிவிட்டது. லண்டன் கொரியர்கள் என்றால் நியூ மோல்டன்தான். சாப்பாட்டுக்கடை, தேவாலயம், பல் வைத்தியர் எல்லாம் அங்கே அவர்களுடைய பாஷையில் உண்டு. அதை விட்டுவிட்டு நகரத்தின் இந்த மூலையில், தமிழரும் வங்காளிகளும் ஆபிரிக்கரும் இருக்கிற இடத்தில், இந்த மனுசிக்கு என்ன வேலை?

கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் கேட்டேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, கோட்டு ஒன்றுக்கு ஸிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார். கணவருக்குக் கம்பெனி லண்டனில் வேலை கொடுத்ததால் வந்தவர்களாம். பிறகு கணவர் வேறொரு பெண்ணோடு சியோலுக்குத் திரும்பிப் போனாராம். இவர் மகளோடு இங்கேயே நின்றுவிட்டார்.

"அங்கை எல்லாருக்கும் என்னைத் தெரியும், அண்ணை," என்றார்.

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்களுக்குள்ளும் அப்படி வீடு மாறினவர்கள் எத்தனை பேர்! கோயிலுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று பயந்து ஹரோவில் இருந்தவர் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வருவார், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தவர் டூட்டிங்குக்குப் போவார். யூன் நியூ மோல்டனிலிருந்து பார்க்கிங்குக்கு வந்தார்.

(ஒன்று சொல்லிவிட வேண்டும். யூன் பேசுவது ஆங்கிலம். அதை நான் என் தமிழில் எழுதுகிறேன். "அண்ணை", "ஏலாது", "கொஞ்சம் பொறுங்கோ" இந்த மூன்றும் மட்டும் அவருடைய சொந்தத் தமிழ். கடைக்கு வந்த பெண்கள் சொல்லிக் கொடுத்தவை.)

பிளவுஸிலிருந்து கவுன்சில் வரை

எங்கள் பெண்கள் சேலை பிளவுஸோடு யூனிடம் போகத் தொடங்கியது எப்போது என்று ஞாபகமில்லை. முன்பின் பிளவுஸ் தைத்தறியாத மனுசி, ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மற்றொன்றைப் பிரித்துப் பார்த்து, தானாகவே பழகிக்கொண்டார். உள்ளே ஒரு விரற்கடை துணி கூடுதலாக மடித்துவிட்டு, "அடுத்த வருசத்துக்கு" என்று முகம் மாறாமல் சொல்வார். என் மனைவிக்கு அதைக் கேட்டு ஒரு கிழமை முழுக்கக் கோபம். அடுத்த வருடம் அந்தத் துணி உதவியது.

துணியோடு கடிதங்களும் வரத் தொடங்கின. அரசாங்க உதவிப்பணப் பெனிபிட் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு வாடகைக் கடிதம். யூன் கண்ணாடியைப் போட்டு வாசிப்பார். விளங்காவிட்டால் அந்த அலுவலகத்துக்கே போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே காத்திருப்பார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஒரு ஆள் பேச வந்ததும் மெஷினை நிறுத்தி, "நான் கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன், நீங்கள் போனை வைக்கக்கூடாது" என்று தொடங்குவார். வைக்கமாட்டார்கள். பிறகு பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள், போனார். குடியிருப்பாளர் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள், அங்கும் போனார்.

இந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் திரும்பத் திரும்பப் பழுதாகிக் கிடந்ததுதான் அவரைத் தேர்தலுக்கு இழுத்தது. தைத்த திரைச்சீலையைக் கொடுக்க எட்டு மாடி ஏறிப் போனவர், அங்கே ரெஜினாவைக் கண்டார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், ஐம்பது வயது சொல்லலாம். கணவர் சூசைக்குச் சீனி வருத்தத்தில் (நீரிழிவு) வலக்காலை எடுத்துவிட்டார்கள். லிஃப்ட் இல்லாமல் சக்கர நாற்காலி கீழே இறங்காது. அவரைத் தனியே விட்டுவிட்டு ரெஜினாவும் இறங்கமாட்டார். கட்டடத்தைப் பராமரிக்கிற கம்பெனிக்கு யூன் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கவுன்சிலர் எழுதினால் பதில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் கவுன்சிலர் ஆவது எப்படி என்று கேட்டாராம்.

இங்கே ஒரு விஷயம். நான் இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இந்த நாட்டில் வோட்டுப் போட்டவன். கொமன்வெல்த் நாட்டுக்காரருக்கு அந்த உரிமை உண்டு. நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. கொரியருக்கு அது கிடையாது. தேர்தலில் நிற்க யூன் பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கவேண்டியிருந்தது. எடுத்தால் கொரியக் குடியுரிமை போய்விடும். அவர்களுடைய சட்டம் அப்படி. பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, கடையைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே இருந்து அழுததாக அவர் மகள் எனக்குச் சொன்னாள். அப்படி வாங்கிய இடம் அது. வேட்பாளர் பட்டியலில் ஒரு வரி.

இரண்டு கையாலும் வாங்கிய தவறு

கதவு தட்டுவதில் யூனுக்கு ஒரு முறை இருந்தது. மணியை அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து, கொஞ்சம் பக்கமாக நிற்பார். கதவு ஓட்டைக்குள்ளால் பார்க்கிறவருக்கு முழு ஆளும் தெரியவேண்டுமாம். கதவைத் திறந்தவரின் பெயர் ஞாபகம் இருக்காது, உடுப்பு ஞாபகம் இருக்கும். "நீலக் கோட்டு! ஸிப் இப்ப சரியா ஓடுதா?" என்று தொடங்குவார். அரசியல் கடைசியில்தான் வரும். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். "தபால் அண்ணையும் வந்திருக்கிறார்" என்று எங்கள் ஆட்கள் உள்ளே கூப்பிடுவார்கள்.

அன்று எட்டாம் மாடியில் ரெஜினா கதவைத் திறந்தபோதே உறைகள் கையில் இருந்தன. இந்த முறை லிஃப்ட் மூன்றாவது கிழமையாக இல்லை, இவரை விட்டுவிட்டு இறங்க ஏலாது, போகிற வழியில் பெட்டிக்குள் போட்டுவிடுங்கோ என்றார். சொல்லிக்கொண்டே நீட்டினார்.

கொரியர்களிடம் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிவார்கள். மிச்சக் காசானாலும் சரி, பஸ் ரிக்கற் ஆனாலும் சரி. ஒரு கையால் வாங்குவதும் வேண்டாம் என்று நிற்பதும் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. யூன் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, நன்றி சொல்லி, திரும்பி என்னிடம் தந்தார். நான் என்ன செய்தேன்? முப்பது வருடமாக வாசலில் கடிதம் தந்தால் வாங்கிப் பைக்குள் போடுகிற கை. போட்டது.

சட்டம் தெரியாதவர்களா நாங்கள்? தேர்தல் அலுவலகம் தந்த தாளை யூன் என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். எல்லாம் தெரிந்திருந்தும் எட்டு மாடி இறங்கும்வரை ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

கீழே நின்று பட்ட சண்டை

நான் கோபக்காரன் என்பது நான் எழுதும் இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பெட்டியடியில் நின்று யூனோடு நன்றாகவே சண்டை பிடித்தேன். ஆர் கண்டது? உறையில் யார் கைபட்டது என்று எழுதியிருக்கிறதா? பெட்டிக்குள் விழுந்தால் சரிதானே? லிஃப்ட் வேலை செய்யாதபடியால் வோட்டுப் போட முடியாத பெண்ணுக்கு, லிஃப்டுக்காக நிற்கிற நீங்கள் இந்த உதவி செய்யாமல் வேறு யார் செய்வது? இன்னும் மூன்று மாடி தட்டவில்லை, அடுத்த கட்டடம் முழுக்கக் கிடக்கிறது, இருட்டினால் ஒருவரும் கதவு திறக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

யூன் முழுக்கக் கேட்டார். "இதைப் போட்டிட்டு நாளைக்கு நான் எப்பிடிக் கதவு தட்டுறது, அண்ணை?" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கினார்.

ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அப்போதுதான் என் முதல் வோட்டு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில், இருபத்தொரு வயதிலோ என்னவோ, வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மடை வோட்டு விழுந்திட்டுது" என்றார். யாரோ எனக்காகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். யாருக்குப் போட்டான் என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட நான்தான் கீழே நின்று, ஆர் கண்டது என்று கேட்டவன். வெட்கமாக இருந்தது. யூனிடம் சொல்லவில்லை.

இரண்டு மணித்தியாலம்

உறைகளைத் திருப்பிக் கொடுத்ததும் ரெஜினாவின் முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் வோட்டு உங்களுக்கு வேண்டாமோ என்று கேட்டார். நான் சட்டத்தை விளக்கினேன். விளங்கியது, ஆனால் மனம் ஆறவில்லை. இவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றார்.

யூன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். தான் சூசையோடு இருப்பதாகவும், ரெஜினாவே போய்ப் போட்டுவிட்டு வரலாம் என்றும் சொன்னார். என்னையும் கூடப் போகச் சொன்னார். உறையைத் தொடக்கூடாது என்று விரலைக் காட்டி எச்சரித்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டு மாடி இறங்கினேன். வழியில் பார்த்தவர்கள் என்னைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ரெஜினா தன் கையாலேயே போட்டார். போட்டுவிட்டு, மழையில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூன்று கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெளியே வருகிறேன் என்றார். ஒருக்காத் தேவாலயத்துக்குப் போய்விட்டு ஓடி வாறன், அவவிட்டைச் சொல்லுங்கோ என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். என்னால் எப்படி மறிக்க ஏலும்?

ஓடி வருகிறேன் என்றவர் வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. தேவாலயம், தமிழ்க்கடை, பார்மசி. நான் மேலே வந்து சோபாவில் இருந்து கொதித்தேன். டிவியில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாத யூன், பந்து காலில் பட்டால் ஏன் அவுட் என்று கேட்டார். சூசை விளக்கினார். ஆனால் யூனின் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே விளக்கினார். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

இடையில் யூன் போனை எடுத்துத் தேர்தல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். இன்று இரண்டு தபால் வோட்டுகளைக் கையில் வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று. பையில் போட்ட என் பெயரை அவர் எழுதவே இல்லை. தேர்தல் முடியட்டும், பிறகு அனுப்புங்கோ என்று கெஞ்சினேன். ஏலாது என்று தமிழில் சொல்லிவிட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள். இரண்டு நாள் யூன் சாப்பிடவே இல்லை. கொரியாவும் போய் இதுவும் போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். மூன்றாம் நாள், உடனே திருப்பிக் கொடுத்தபடியால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது.

எண்ணி முடித்த பிறகு

தோற்றோம். ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவு ஆட்கள்தான் வித்தியாசம். அன்று தட்டாமல் விட்ட மூன்று மாடிகளும் ஒரு கட்டடமும் என் கண்ணுக்குள் நின்றன. நான் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன், பாவி. யூன் வென்றவருக்குக் கை கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தார். இனி நிற்கமாட்டேன் என்றார். தன்னை நம்பி வோட்டுப் போட இந்த ஊருக்கு இன்னும் மனம் வரவில்லை, அது அவர்களுடைய பிழையும் இல்லை என்றார். துண்டுப்பிரசுரங்களின் பின்பக்கத்தில் துணி அளவு எழுதத் தொடங்கினார்.

லிஃப்டை மட்டும் அவர் விடவில்லை. வெறும் தையற்காரியாகவே கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தார். கோடை தொடங்குகிற நேரம் ஒருவழியாகத் திருத்தினார்கள்.

அதற்கு அடுத்த கிழமை நான் கடையில் இருந்தபோது ரெஜினா சூசையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய காற்சட்டைகளில் ஒரு காலை மட்டும் கட்டையாக்கித் தைக்கவேண்டும். யூன் ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு, முழந்தாளிட்டு அளவெடுத்தார். ரெஜினா என் பக்கம் திரும்பினார்.

"தபால் அண்ணை, ஒண்டு சொல்லவேணும். மனசு கேக்குதில்லை. அண்டைக்கு அந்த உறையிலை நாங்கள் இவவுக்குப் போடேல்லை. மற்ற ஆளுக்குத்தான் போட்டனாங்கள்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. எட்டு மாடி! இரண்டு மணித்தியாலம்! சூசை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், நாங்கள் அகதியாக வந்து நின்ற காலத்தில் அந்த ஆளின் கட்சிக்காரர்தான் கடிதம் எழுதித் தந்து, வீடு எடுத்துத் தந்தவர்கள், அதை மறக்கக்கூடாது என்று அன்றிலிருந்து அவர்களுக்கே போட்டு வருகிறோம் என்று. அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அவவுக்கு எதிராகப் போட்ட வோட்டை, அவவிடமே தபாலில் போடத் தந்தீர்களே, உங்களுக்கு என்ன துணிவு என்று கேட்டேன்.

ரெஜினா என்னை விளங்காமல் பார்த்தார்.

"வேறை ஆரிட்டைக் குடுக்கிறது, அண்ணை? மற்றவையெண்டால் பிரிச்சுப் பாப்பினம், இல்லாட்டி எறிஞ்சு போடுவினம். இவ கொண்டுபோய்ப் போடுவா எண்டு தெரியும்."

யூன் நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாற்றவில்லை. ரெஜினா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

யூன் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது. சூசையின் காற்சட்டை ஓரத்தை மறுபடி மடித்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அண்ணை, அடுத்த தேர்தல் எப்ப?"